சாப்பாட்டுக்கு முன், மூன்று வேளை

"பொய் சொல்லுத நோயாளிக்கு என்ன மருந்தும்மா கொடுக்கணும்?"

விடிந்தும் விடியாததுமாக வந்து நின்று தேவசகாயம் கேட்டார். நடந்து வந்த வேகத்தில் மேல்துண்டு ஒரு பக்கம் சரிந்து தொங்கியது.

உலகம்மாள் அம்மியில் சுக்கு தட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"தள்ளி உக்காருங்க ஐயா. தூள் கண்ணில தெறிக்கும்."

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்தாறு. வெள்ளைக்கார டாக்டர்களின் கீழ் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்து பென்ஷன் வாங்கிய மனுஷர், தகப்பனிடம் வைத்தியம் படித்த ஒரு பெண்ணிடம் போய்ச் சிஷ்யனாக உட்கார்ந்ததைப் பார்த்து உப்பளத்து ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வயிற்றுக்கு ஏதாவது வந்தால் அவளிடம்தான் ஓடினார்கள் என்பது வேறு விஷயம். தேவசகாயம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டர்களுக்குப் பிடிபடாத தன் மனைவியின் வயிற்றுக்கடுப்பை இவள் ஒரே வாரத்தில் அடக்கியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

ஆனாலும் பழைய பழக்கம் விடவில்லை. சென்னைப் பட்டணத்திலிருந்து பெட்டி பெட்டியாக 'ஜீவாக்கினி டானிக்' வரவழைத்து வீட்டில் வைத்து விற்றுவந்தார். லேபிளில் ஒரு சிங்கம் பாயும். அதற்குக் கீழே மந்தம், புளியேப்பம், நெஞ்செரிச்சல், வாயு, பொருமல் என்று தொடங்கிப் பொடி எழுத்தில் நாற்பத்தெட்டு வியாதிகள். அத்தனையையும் படித்து முடிப்பதற்குள் நல்ல வயிறும் கலங்கிவிடும். உலகம்மாள் அதை விற்காதீர்கள் என்று சொன்னதில்லை. விற்கச் சொன்னதும் இல்லை.

"யாரு பொய் சொன்னா?" என்று இப்போது கேட்டாள்.

"பலவேசம். மேலப் பாத்தியில உப்பு வாருதாம்லா, அவன்."

"நல்ல மனுசனாச்சே."

"நானும் அப்படித்தாம்மா நினைச்சேன்."

தேவசகாயம் மடியிலிருந்து ஒரு டானிக் குப்பியை எடுத்து அவள் முன் வைத்தார். குப்பியின் பக்கவாட்டில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. காகிதத்தை மடித்துக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி ஒட்டுவது கம்பவுண்டர்களின் வழக்கம். ஒரு பல் அளவு மருந்து ஒரு வேளைக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்துக் குடித்துவிடலாம். அந்தப் பட்டையைத் தன் அளவுக்கு நறுவிசாக வெட்ட ஜில்லாவிலேயே ஆளில்லை என்று தேவசகாயத்துக்கு ஒரு நினைப்பு உண்டு.

"இருபத்துநாலு பல்லும்மா. சாப்பாட்டுக்கு முன்ன, மூணு வேளைன்னு சீட்டில எழுதிக் கொடுத்தேன். எட்டு நாளையில தீரணும். நேத்தோட எட்டு நாள் ஆச்சு. எரிச்சல் நிக்கலன்னு குப்பியைத் தூக்கிட்டு வந்து நிக்கான். பாத்தா பதினாறு பல் அப்படியே இருக்கு!"

"அவுக என்ன சொன்னாவ?"

"ஒரு நேரம் தவறாமக் குடிச்சேங்கான். சாப்பாட்டுக்கு முன்ன குடிக்காம ஒரு நாளும் வாயில சோறு வச்சதில்லையாம். இசக்கியம்மன் மேல சத்தியம் பண்ணுதான். அதுக்கு மேல, 'நல்ல மருந்துதான் ஐயா, குடிச்சா நல்லாப் பசிக்குது'ன்னு எனக்கே ஒரு சர்டிபிகேட்டு!"

உலகம்மாள் தட்டுவதை நிறுத்தினாள். குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"இப்ப என்ன செய்யப் போறிய?"

தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். பலவேசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடிக்கடி உட்கார்ந்துவிடுகிறான், உண்மையிலேயே நோயா அல்லது மட்டம் போடுகிறானா என்று உப்பளத்து மேனேஜர் அவரிடம் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். அதற்கு இங்கிலீஷில் மூன்றே வரியில் பதில் எழுதி முடித்திருந்தார். கொடுத்த மருந்தைச் சாப்பிடாமல் ஏமாற்றுகிற ஆள், நோய் இருப்பதாக நான் நம்பவில்லை, இப்படிக்கு. இந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் மறுநாளே பலவேசத்துக்குப் பாத்தியில் வேலை கிடையாது. உப்பளத்துக் குடிசையும் போய்விடும். நாலு பிள்ளைகளோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். தேவசகாயம் கல்நெஞ்சக்காரர் அல்ல. ராத்திரியெல்லாம் அதை நினைத்துப் புரண்டவர்தான். ஆனால் முப்பது வருஷமாக ஒரு காகிதத்திலும் பொய் எழுதியதில்லை என்ற பிடிவாதம் அவரை விடவில்லை.

"நாளைக்குக் காலையில கொடுத்து அனுப்பணும்," என்றார்.

"நாளைக்குத்தானே. இன்னைக்கு இங்கனயே இருங்க."

"சரிம்மா."

"உங்க டானிக்கைப் புதுசா ஒரு குப்பி கொண்டாந்திருக்கியளா?"

"பையில இருக்கு."

"சீட்டில எழுதியிருக்கிறபடி இன்னைக்கு ஒரு நாள் நீங்க குடிங்க. சாப்பாட்டுக்கு முன்ன குடிக்கணும், மறந்துராதீங்க. இன்னைக்கு உங்களுக்கு எங்க வீட்டுச் சாப்பாடுதான்."

தேவசகாயத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்தைச் சோதித்துப் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கோபத்தில் வீட்டில் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பியிருந்ததால் காலைப் பலகாரத்துக்கு முன் முதல் பல்லைக் குடித்துவிடலாம் என்று குப்பியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

பலகாரம் வரவில்லை.

ஆட்கள் வந்தார்கள். கைக்குழந்தைக்குப் பொருமல் என்று ஒருத்தி வந்தாள், கல்யாண விருந்தில் மூக்கு முட்டத் தின்றுவிட்டு ஒரு பெரியவர் வந்தார். உலகம்மாள் ஒவ்வொருவரிடமும் நிதானமாகப் பேசினாள். பெரியவரைப் பட்டினி போடச் சொல்லி அனுப்பினாள். தேவசகாயம் சூரணம் பொட்டலம் கட்டினார். வெயில் ஏறியது. அடுப்படிப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

உச்சிவேளையில் உப்பாபீஸ் குமாஸ்தா ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனார்.

"என்ன கம்பவுண்டர் ஐயா, சாப்பாடாச்சா?"

"ஆச்சு, ஆச்சு! இப்பத்தான் ஆச்சு!" என்று தேவசகாயம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

குமாஸ்தா போன பிறகு உலகம்மாள் கேட்டாள்:

"இன்னும் பச்சத் தண்ணி பல்லில படலியே. ஆச்சுன்னு சொன்னிய?"

"பின்ன என்னம்மா? வழியில போற மனுசன்ட்ட இல்லைன்னா சொல்ல முடியும்? ஒரு மாதிரி இருக்காதா?"

"இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் உரலில் ஓமத்தைப் போட்டாள்.

மூன்று மணிக்கு மேல் அவர் வயிற்றில் ஏதோ பிறாண்டத் தொடங்கியது. நாலு மணிக்குப் புளித்த ஏப்பம் வந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே காந்தியது. லேபிளில் உள்ள நாற்பத்தெட்டில் நாலைந்து தனக்கும் வந்துவிட்டதோ என்று அவர் கவலைப்பட்டார். கேட்கவும் வெட்கமாக இருந்தது. இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். எழுந்தபோது கண் இருட்டியது; தூணைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அவள் அதைப் பார்த்தாள். அவளும் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்பு புகைந்தது. கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும்.

"மருந்து," என்று நினைவுபடுத்தினாள்.

அவர் அவசரமாகக் குப்பியைத் திறந்து ஒரு பல் அளவு குடித்தார். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு பசியில் பற்றி எரிந்தது. சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். தேவசகாயம் வீட்டுச் சாப்பாட்டில் கீரை குழைந்துவிட்டது, ரசத்தில் உப்பு ஏறிவிட்டது என்று குறை சொல்கிற மனுஷர். அன்றைக்குக் கருவாட்டு முள்ளைக்கூட மென்றார்.

கை கழுவி வந்ததும் உலகம்மாள் குப்பியை விளக்கருகே வைத்தாள்.

"எத்தனை பல் குறைஞ்சிருக்கு ஐயா?"

"ஒண்ணு."

"சீட்டில மூணுன்னுல்லா போட்டிருக்கு."

"சாப்பாட்டுக்கு முன்னன்னும் போட்டிருக்கேம்மா. நீங்க ஒரு வேளைதான..."

சொல்லும்போதே பலவேசத்தின் குப்பி நினைவுக்கு வந்தது.

எட்டு நாள். எட்டுப் பல். பலவேசம் ஒரு வேளைகூடத் தவறவிட்டிருக்கவில்லை. கம்பவுண்டரே வெட்டி ஒட்டிய பட்டை அதை நேற்றிலிருந்து அவர் கண்முன்னால் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் எண்ணத்தான் செய்தார். எண்ணிவிட்டு மனுஷனைப் பொய்யன் என்றார். மூன்று வேளை சாப்பாடு என்பது எல்லா வீட்டிலும் இருக்கும் என்று நினைத்து முப்பது வருஷமாக எத்தனை ஆயிரம் சீட்டில் அதை எழுதியிருப்பார்! அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கண் கலங்கிவிட்டது.

"நான் கேட்டேம்மா," என்றார் மெல்ல. "சாப்பிட்டியாடான்னு கேட்டுத்தான் மருந்து கொடுத்தேன். ஆச்சு ஐயான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான்..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மத்தியானம் குடையோடு போன குமாஸ்தாவிடம் தான் சிரித்த சிரிப்பு அவருக்கு ஞாபகம் வந்தது. உலகம்மாள் எழுந்தாள். எச்சில் தட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அவர் எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் குடிசைக்கு இப்பவே போறேன். போயி அவன்ட்ட... அவர்ட்ட மன்னிப்புக் கேக்கணும். உங்க வீட்டில மிச்சச் சோறு இருந்தாக் கட்டிக் குடுங்கம்மா, கொண்டு போறேன்."

"குடுக்கேன். நாளைக்கு?"

"நாளைக்கும் கொண்டு போவேன்."

"அதுக்கு அடுத்த நாளு? அந்த வரிசையில முப்பது குடிசை இருக்கே ஐயா. மேனேஜர் குடுக்கிற கூலி எல்லாருக்கும் ஒரு வேளைக்குத்தான் காணும்."

தேவசகாயம் மறுபடி உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப நான் என்ன மருந்தும்மா எழுதட்டும்? பலவேசத்துக்கு என்னன்னு எழுத?"

உலகம்மாள் அவர் சட்டைப் பையைக் காட்டிக் கையை நீட்டினாள். அவர் புரியாமல் சட்டைப் பையிலிருந்த உறையை எடுத்துக் கொடுத்தார். இங்கிலீஷ் எழுத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருக்குன்னு மேல எழுதியிருக்கிய?"

"உப்பளத்து மேனேஜருக்கு."

உறையை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"விலாசம் சரியாத்தான் இருக்கு ஐயா. உள்ள இருக்கிறதை மட்டும் மாத்தி எழுதுங்க."