ஆடிப்போன ஒரு படம்

முதலில் தவறு செய்தவன் சொரிமுத்து. மற்றதைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும்.

சொரிமுத்து போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். மாசானம் தறி ஓட்டினார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இரண்டு பேருக்கும் வானத்துப் பைத்தியம். ஃபிலிம் காலத்தில் சேர்ந்து ஒரு தொலைநோக்கி வாங்கி, குதிரைத்தலை நெபுலாவைப் படம் பிடித்தார்கள். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில், வெறும் கண்ணுக்கு எட்டாத சிவந்த ஒளி ஒன்று கிடக்கிறது. அதன் முன்னால் குதிரைத் தலைபோல் எழுந்து நிற்கும் கரும்புழுதிதான் இந்தக் குதிரைத்தலை.

அதைப் பிடிக்கக் கேமராவைத் திறந்து வைத்துவிட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். வானமோ நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒருவர் தொலைநோக்கியோடு கட்டிய துணைக்குழாயில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியிலிருந்து விலகாமல் பிடித்திருக்க வேண்டும். கழுத்து ஒடியத் திருகாணியைத் திருகிப் பிடித்திருந்தவர் மாசானம். கேமராவைத் திறந்து மூடியவன் சொரிமுத்து.

படம் நூலகத்துக் கூடத்தில் ஏறியது. அடியில் சொரிமுத்துவின் பெயர் மட்டும். கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "நட்சத்திரமெல்லாம் ஏன் ரெண்டு ரெண்டாத் தெரியுது?"

"படம் என்னோடது. அந்த ஆட்டம் மட்டும் மாசானத்தோடது," என்றான் சொரிமுத்து.

கூடமே சிரித்தது.

ஆட்டம் வந்தது உண்மை. கேமரா திறந்திருந்த நேரம் பார்த்துச் சொரிமுத்து ஒரு கதை சொன்னான், மாசானம் சிரித்துவிட்டார். சிரிக்கவைத்ததையும் அவர் அவன் தலையிலேயே போட்டார்.

அதே கூடத்தில், நாலு பேர் முன்னால், அந்தப் படத்தில் மாசானத்துக்கும் பங்கு உண்டு என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான். மாசானத்துக்குத் தலை நரைத்தது. வார்த்தை வரவில்லை.

தறியை விட்ட பிறகு அவர் நவமணி டீச்சரிடம் போனார். டீச்சருக்கு அவர் மகள் வயது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தூண் எழுப்பி அதன்மேல் தொலைநோக்கி வைத்திருந்தார்.

"உங்ககிட்டப் படிக்க வந்திருக்கேன் டீச்சர்."

"என்ன படிக்கணும் அண்ணாச்சி?"

"குதிரைத்தலை. ஆடாம."

"முதல்ல சின்னக் குழாயில ஆரம்பிப்போம். குவியத்தூரம் கம்மி. வானம் அகலமாத் தெரியும். கொஞ்சம் ஆடினாலும் தெரியாது."

"எனக்குப் பெரிசுதான் வேணும்."

"பெரிசுல குதிரை பெரிசாத் தெரியும். ஆட்டமும் பெரிசாத் தெரியும். பக்கத்துல நடந்தாலே போதும்."

"ஆடினாத் தெரியட்டும். அப்பத்தான ஆடலைன்னாலும் தெரியும்!"

டீச்சர் சின்னக் குழாயைத் தள்ளி வைத்தார். நீளமான குழாயைத் தூக்கித் தூணில் ஏற்றினார்.

மாசி மாதம். தேய்பிறை. பொழுது சாய்ந்து இருட்டினால் நிலவு வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் குதிரை மேற்கே இறங்கிவிடும். பிறகு அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷத்தை நம்புகிற வயதா தனக்கு என்று மாசானம் நினைத்தார். நூலகத்தில் படங்கள் வைக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. சொரிமுத்துவின் படத்துக்குப் பக்கத்தில் ஆடாத படம் ஒன்று தொங்க வேண்டும். அதைப் பார்த்த பிறகும் எப்படி அவனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்?

பழைய நாளில் அவர் கண் பார்த்த வேலையை இப்போது ஒரு சின்னக் கேமரா பார்த்தது. அது ஒரு நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். விலகினால் மோட்டாருக்குச் சொல்லும். எவ்வளவு விலகியது என்பது லேப்டாப்பில் கோடாக ஓடும்.

"இதுக்குச் சிரிப்பு வராதுல்லா?" என்று கேட்டார் மாசானம்.

"வராது அண்ணாச்சி."

"அப்ப நல்லது."

ஒவ்வொரு மாலையும் படம் படமாக எடுத்தார்கள். தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் மண்ணள்ளிப் போட்டதுபோல் புள்ளியும் மங்கலுமாக இருந்தது. மாசானத்துக்கு ஏமாற்றம். எல்லாவற்றையும் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் குதிரை தெளியும் என்றார் டீச்சர்.

கடைசி மாலை. கேமரா திறந்திருந்தது. கோடு நேராக ஓடியது. மாசானம் தூணுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, காவல் இருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. நின்றது.

"என்ன வே மாசானம், இன்னைக்காவது ஆடாம நிக்குதா?"

சொரிமுத்துவின் குரல்.

மாசானம் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் கால் போய்த் தூணில் மோதியது. லேப்டாப்பில் கோடு செங்குத்தாக ஏறி இறங்கியது.

"போச்சு! கெடுத்துட்டான், படத்தைக் கெடுத்துட்டான்!"

"யாரு அண்ணாச்சி?"

"யாரா? சொரிமுத்துதான்! காதுல விழலையா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தடிச் சத்தம் நகர்ந்து போனது. டீச்சர் டார்ச்சை அடித்து அவர் காலைப் பார்த்தார். பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். வீட்டுக்குள் போய்ப் பஞ்சும் மருந்தும் கொண்டுவந்தார். அவர் கட்டுப் போடும்போது நூலகத்துக் கூடத்துக் கதை முழுவதையும் மாசானம் சொன்னார்.

"அந்தப் படத்தைத் தூரப் போட்டுருங்க டீச்சர்."

"அதுவும் இருக்கட்டும்."

மறுநாள் லேப்டாப்பில் எல்லாப் படங்களையும் போட்டு அடுக்கினார்கள். ஆடியதும் உள்ளே போனது. மாசானம் பயத்தோடு பார்த்திருந்தார். மெல்லச் சிவப்பு எழுந்தது. சிவப்பின் நடுவே பிடரி, நெற்றி, குனிந்த மூக்கு. நட்சத்திரங்கள் ஊசி குத்தியதுபோல் ஒற்றையாக நின்றன.

"ஆட்டம் எங்க?"

"உள்ளதான் இருக்கு."

"காணுமே!"

"லேப்டாப் ஒவ்வொரு இடத்துலயும் மத்தப் படமெல்லாம் என்ன சொல்லுதுன்னு பாக்கும். ஒத்துப்போறதை எடுத்துக்கிடும். தனியா ஒண்ணு மட்டும் வேற சொன்னா, அதை விட்டுரும்."

மாசானம் வெகுநேரம் குதிரையைப் பார்த்தார். கண் கலங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

படம் நூலகத்தில் ஏறியது. அடியில் இரண்டு பெயர் போடச் சொன்னார் மாசானம். டீச்சர் பெயரைத் தன் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொன்னார். சொரிமுத்து பார்க்கட்டும்.

அவனும் வந்தான். கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படத்தில் உரச, ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்த்தான். மாசானம் வாசல் பக்கம் நின்றார். நெஞ்சு தறிபோல் அடித்தது.

சொரிமுத்து திரும்பினான்.

"நல்லா வந்திருக்கு வே," என்றான். "டீச்சரோட கேமராவோ?"

தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மாசானம் நேரே டீச்சர் வீட்டுக்கு வந்தார். டீச்சர் தண்ணீர் கொடுத்தார், அவர் குடிக்கவில்லை.

"டீச்சர், அந்த ஆடின படத்தைத் தாங்க."

"எதுக்கு அண்ணாச்சி?"

"அவன் கெடுத்த படம். என்கிட்ட இருக்கணும். தெனமும் பாக்கணும்."

டீச்சர் லேப்டாப்பைத் திறந்தார். ஆடிய படத்தைத் தனியாக எடுத்தார். அதையே திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார். பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் பக்கம் திருப்பினார்.

நட்சத்திரங்கள் இரண்டு இரண்டாக நின்றன. புள்ளியும் மங்கலும் அப்படியே இருந்தன. குதிரை இருந்த இடம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

"இதுல ஆட்டம் போகலையே."

"தெனமும் இதையே அடுக்கினா எப்படிப் போகும்? எல்லாப் படமும் ஒத்துப்போகுதே."

மாசானம் திரையிலிருந்து நிமிர்ந்தார். குரல் உயர்ந்தது.

"அப்ப அவன் எனக்கு அந்த ஒரு வார்த்தைகூடத் தரவேண்டாம்ங்கியளா?"

"நான் அப்படிச் சொல்லலையே. தரணும். அந்தக் கூடத்துல, நாலு பேர் முன்னால."

"தராமலே செத்துப்போயிட்டாம்னா?"

"தராமத்தான் போயிருப்பாரு."

"அப்ப என் பாக்கி?"

டீச்சர் லேப்டாப்பை மூடினார்.

"பாக்கி அவர்கிட்ட இருக்கு அண்ணாச்சி. உங்ககிட்ட இருக்கது குதிரை."