பின்தொடையில் ஒரு காவல்

"ஆயிரம் பேரை நிமிர்த்தி நிக்க வச்சவன் நான். இந்த ஒரு கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதே!"

சிகிச்சைக் கட்டிலில் படுத்தபடியே சிங்கராயர் கத்தினார். முப்பத்து நாலு வருடம் ஆயுதப்படையில் கவாத்து சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மூட்டுத் தேய்மானம் வந்த வலது கால் இப்போது முழுசாக நீள மறுக்கிறது.

அடுத்த மாதம் மகள் ஜெசிந்தா காவலர் பயிற்சி முடித்து அணிவகுப்பில் நடக்கிறாள். அந்த மைதானத்தில் முட்டி மடங்கி நிற்பதா? வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வறட்டுக் கௌரவம்தான். சொன்ன அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் நஸ்ரினுக்கு வயது இருபத்தேழு. பேச்சு சுருக்கம்.

"வீட்ல எப்படிச் செய்றீங்க ஐயா?"

அவர் துண்டைப் பாதத்தில் மாட்டி, காலைத் தூக்கினார். "ஒன்! டூ!" ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வெட்டு இழுப்பு. கால் இன்னும் விறைத்தது. எய்தவன் இருக்க அம்பை நொந்த கதையாக, முட்டியை ஓங்கிக் குத்தினார்.

நஸ்ரின் அந்தக் கையைப் பிடித்துத் தொடையின் பின்பக்கம் வைத்தாள். தசை கயிறாக முறுக்கிக்கொண்டு நின்றது.

"வலி முட்டியில. இழுத்துப் பிடிக்கிறது இவன்."

"ஏன் பிடிக்கிறான்?"

"முட்டி வலிச்சதும் காவலுக்கு வந்தான். இன்னும் நிக்கிறான்."

"போடான்னா போக வேண்டியதுதானே!"

"நீங்க போடற சத்தத்துக்கு இன்னும் விறைப்பாத்தான் நிப்பான். பந்தோபஸ்துக்கு நிறுத்தின ஆளை நீங்க மறந்தது உண்டா ஐயா?"

சிங்கராயருக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது.

உண்டு. ஒரு தேர்த் திருவிழாவில் அந்தோணிமுத்து என்ற காவலரைத் தெருமுனையில் நிறுத்தினார். தேர் நிலைக்கு வந்து, ஊரே கலைந்துபோய், மறுநாள் காலை அந்த வழியாகப் போனால், ஆள் கால் வீங்கி அங்கேயே நிற்கிறார். ஏன்யா போகல என்று இவர் எரிந்து விழுந்தார்.

"நீங்க போகச் சொல்லலையே ஐயா."

அன்றைக்கு அவரிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை.

இந்த முறை சிங்கராயர் துண்டை மெல்ல இழுத்தார். வெட்டவில்லை. மூச்சை விட்டபடி அப்படியே பிடித்திருந்தார். முப்பது எண்ணும் நேரம். மறு கையால் தொடையின் பின்பக்கத்தைத் தொட்டார்.

"போதும்ப்பா. நீ வீட்டுக்குப் போ."

உள்ளே ஏதோ இளகியது. காலை இறக்கியபோது முட்டி முன்னைவிடக் கட்டிலை நெருங்கியிருந்தது. ஒரு விரல் அகலம்தான். அதிசயத்தைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எத்தனை நாள் இப்படிச் சொல்லணும்மா?"

"எத்தனை வருஷம் நின்னான் ஐயா?"

சிங்கராயர் தொடையின் பின்பக்கத்தை இன்னொரு முறை தடவினார். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, நான் வரேன். கொஞ்சம் மடங்கித்தான் நிப்பேன்."