காலிப் பஸ்ஸின் படிக்கட்டு

அடுத்த வீட்டுப் பஞ்சாயத்து என்றால் தீர்ப்பு நமக்கெல்லாம் நுனிநாக்கிலேயே நிற்கும். சரி, இந்த ஒன்றுக்குச் சொல்லுங்கள் பார்ப்போம்.

வெள்ளரித்தாங்கல் ஒரு புறநகர். நகரத்து மெட்ரோ ரயில் அதற்கு ஒன்பது கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்களுக்குக் காலை ஆறு பத்து பஸ்தான் கதி. வாரத்தில் ஆறு நாளும் ஆட்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டுதான் போவார்கள். ரயிலை ஊர்வரைக்கும் நீட்டச் சொல்லி மூன்று வருஷம் அலைந்தவள் தவமணி. ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவள், மிச்ச நேரத்தில் வீடு வீடாக ஏறி நாலாயிரம் கையெழுத்து வாங்கினாள். போன ஆபீஸிலெல்லாம் ஒரே பதில்: "அங்கெல்லாம் ரயில் விட்டா ஏறதுக்கு ஆள் ஏதும்மா?" கடைசியில் ஒரு அதிகாரிதான் மனம் இரங்கி, "வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பஸ் கூட்டத்தைக் காட்டுற மாதிரி ஒரு போட்டோ கொண்டாங்க, மேலே அனுப்புறேன்" என்றார்.

அந்த வாரம் பார்த்துப் பள்ளிக்கூடங்களுக்கு அரைப்பரீட்சை லீவு. பஸ் காத்தாடியது. தவமணி சும்மா இருந்தாளா? மகள் சங்கவியைக் கூப்பிட்டாள். பத்தொன்பது வயது, நகரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் வேலை. "உள்ளே இடம் இருந்தாலும் ஏறாதே. படியிலேயே தொங்கு. நல்லா வெளியே சாஞ்சுக்கோ, அப்பத்தான் கூட்டம் மாதிரி தெரியும். நிரோஷா இரவல் ஸ்கூட்டியில பின்னாடியே வந்து எடுப்பா."

நிரோஷா சங்கவியின் தோழி, தினமும் அதே பஸ்ஸில் தொங்குகிறவள். காலிப் பஸ்ஸிலும் ஸ்டைலுக்குத் தொங்குகிற பையன்கள் இரண்டு பேர் உண்டே, அவர்களோடு சங்கவியும் தொங்கினாள். படம் எடுத்தாயிற்று. செங்கல் சூளை வளைவில் சங்கவியின் கை நழுவியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. ஐயோ, அந்தப் பிள்ளையைப் பொறுக்கித்தான் எடுத்தார்கள்.

படியில் தொங்கி விழுந்தவள் என்றதும், "கூட்ட நெரிசலில் இளம்பெண் பலி" என்று பேப்பரில் வந்தது. சங்கவியின் அப்பா ஏகாம்பரம், பிளம்பர், அதை அப்படியே நம்பினார். "கூட்டம் எம்பொண்ணைக் கொன்னுடுச்சு" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லி அழுதார். தவமணி வாயைத் திறக்கவில்லை. நிரோஷாவையும் திறக்க விடவில்லை. பால் தெளித்த கையோடு, சொன்ன வெள்ளிக்கிழமையில், அந்தப் படத்தை அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்று வருஷம் அசையாத ஃபைல் அன்றைக்கு அசைந்தது.

ஒரு வருஷம் கழித்து, ரயிலை நீட்டலாமா வேண்டாமா என்று ஊர்க் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். மினி பஸ் முதலாளி பரந்தாமன் எழுந்தார். ரயில் வந்தால் அவர் பிழைப்பு போச்சு. "டிப்போவுல கணக்குப் பார்த்துட்டேன். அந்தப் பொண்ணு செத்த அன்னிக்கு அந்த பஸ்ஸுல வித்தது முப்பத்தோரு டிக்கெட்டு சார். அம்பது சீட்டு பஸ்ஸு. எங்கே சார் கூட்டம்? பொய்ப் படத்தை வச்சு ரயில் கேக்குறாங்க!"

அதிகாரியின் முகம் மாறிவிட்டது. "இது நிஜம்னா இந்தத் திட்டத்தை இன்னிக்கே மூடிடுவோம்" என்றவர், நிரோஷாவை எழுப்பினார். "படம் எடுத்தது நீதானேம்மா? அன்னிக்குக் கூட்டம் இருந்துச்சா, இல்லையா?"

நிரோஷா மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். விடிந்தால் படியில் தொங்கப் போகிற முகங்கள்தான் எல்லாம். "கால் வைக்க இடமில்ல சார். கண்டக்டரால நகரவே முடியல, பாதிப் பேருக்கு டிக்கெட்டே குடுக்கல" என்றாள்.

மண்டபமே கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் தவமணிக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினாள். "அவ பொய் சொல்றா சார். பஸ்ஸு காலி. எம்பொண்ணை நான்தான் தொங்கச் சொன்னேன். நான்தான் சாகடிச்சேன்."

ஏகாம்பரம் மெல்ல நிரோஷாவிடம் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்: "உள்ளே உக்கார சீட்டு இருந்துச்சாம்மா?" "இருந்துச்சு மாமா" என்று அவள் அழுதாள். அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மேடை ஏறினார். மனைவியின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"மன்னிச்சுக்குங்க சார். பொண்ணு போனதுலேருந்து இவளுக்குப் புத்தி ஒரு நிலையில இல்ல. வீட்டுலயும் இப்படித்தான் பினாத்துறா. எம்பொண்ணு கூட்டத்துலதான் செத்தா."

ஊர் நம்பியது. நம்பினால்தானே ரயில் வரும்? இரண்டு பெண்கள் தவமணியைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். "நான் சொல்றது நிஜம்" என்று அவள் கத்தக் கத்த, எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அதிகாரி அவள் சொன்னதைக் குறிப்பிலிருந்து அடித்துவிட்டார். திட்டம் நிறைவேறியது.

ரயில் ஓடத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. படியில் தொங்கி யாரும் சாகவில்லை. ஏகாம்பரம் இன்றுவரை மனைவியை ஒரு வார்த்தை திட்டியதில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார். புத்தி தெளிவதற்கென்று மாத்திரை வாங்கி வந்து, அவள் விழுங்கும்வரை தினமும் எதிரிலேயே நிற்கிறார். அவள் யாரிடம் போய் உண்மையைச் சொன்னாலும், "பாவம்" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறார்கள்.

நிரோஷா பொய் சொன்னாள். தவமணி உண்மை சொன்னாள். ஏகாம்பரமும் பொய்தான் சொன்னார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால், நிரோஷா. அந்த ஒரு நாள் பஸ் காலி என்பதற்காக மற்ற நாள் கூட்டம் பொய்யாகிவிடாது. மறுநாள் தொங்கப் போகிறவர்களுக்காக அவள் பொய் சொன்னாள். தவமணி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வருஷம் முன்னால், வீட்டுக்குள், புருஷனிடம். தன் நெஞ்சுபாரம் இறங்க ஊர்க்காரர்கள் இன்னும் தொங்கட்டும் என்பது என்ன நியாயம்? ஏகாம்பரம் சொன்னதும் அதே பொய்தானே, அவரும் ரயிலுக்காகத்தானே சொன்னார் என்பீர்கள். ரயிலுக்காக மட்டும் என்றால் அது மண்டபத்தோடு முடிந்திருக்கும். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குக் கோபப்பட உரிமை உண்டு. அடித்திருக்கலாம், தள்ளி வைத்திருக்கலாம். அவரோ, அவள் சொல்வது உண்மை என்று தெரிந்துகொண்டே, இனி அவள் எதைச் சொன்னாலும் எடுபடாதபடி செய்துவிட்டார். ஊர் அவரைத் தங்கமான மனுஷன் என்கிறது.