விளக்கு வைத்த பிறகு உறைமோர்

முன்னே ஒரு காலத்தில் வேங்கைநாட்டைப் பரிதிவேள் என்ற ராஜா ஆண்டார். மூக்குக்கு மேல் கோபம் வரும் மனுஷன். ராணி போய்ச் சேர்ந்ததிலிருந்து கிழவருக்குப் பாலும் இறங்கவில்லை, தயிரும் இறங்கவில்லை. பேச்சுத் துணை இல்லாத அத்தனை பெரிய கூடத்தில், வெள்ளிக் கிண்ணத்துப் பால் ஆடை படர்ந்து ஆறிக் கிடக்கும்.

“பாலிலும் ருசி இல்லை, தயிரிலும் ருசி இல்லையே!” என்று ஒருநாள் சபையில் கத்தினார்.

“மந்திரி சேர்த்துவிட்ட மாட்டுக்காரச் சடையன் தண்ணீர் கலக்கிறான், பிரபு!” என்று வத்தி வைத்தார் தளவாய். மந்திரியை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்தவர் அவர்.

“அப்படியா? விடிந்ததும் அவனை நாடு கடத்துங்கள்!”

மந்திரி இளநாகர் பதறவில்லை. “கெட்டது உறைமோராகவும் இருக்கலாம், பிரபு. புது உறை வாங்கிப் பார்ப்போம். ஆனால் வீட்டுக்குப் பெரியவர்தான் போய்க் கேட்க வேண்டும், அதுதான் வழக்கம்.” அந்த வழக்கம் அவர் வாயில் அப்போதுதான் பிறந்தது.

“ராஜா மோர் கேட்டுப் போவதா!” என்று தளவாய் சிரித்தார். அந்தச் சிரிப்பே ராஜாவைக் கிளப்பிவிட்டது.

“ஏன், போனால் என்ன? போகிறேன்!”

சாதாரணப் போர்வையும் கையில் கிண்ணமுமாக ராஜா கிளம்பினார். மந்திரி வேண்டுமென்றே ஊரைச் சுற்றி அழைத்துப் போனார். கடைசித் தெருவுக்கு வருவதற்குள் வீடுகளில் விளக்கு வைத்துவிட்டார்கள். ராஜா மட்டும் போய் ஒரு கதவைத் தட்டினார். ஒரு கிழவர் திறந்தார். ராஜா கிண்ணத்தை நீட்டி உறைமோர் கேட்டார்.

“விளக்கு வச்சப்புறம் உறைமோர் வெளியே தரமாட்டோம்யா. வேணும்னா உள்ளே வந்து, உக்காந்து குடிச்சிட்டுப் போங்க.”

இல்லை என்ற சொல்லைக் கேட்டுப் பழகாத ராஜாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் உட்காரச் சொல்லி அவரை யாராவது கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று! உட்கார்ந்துவிட்டார்.

கிழவர் உப்புப் போட்டு ஆளுக்கொரு செம்பு ஊற்றினார். “என் வீட்டுக்காரி இருந்தா கறிவேப்பிலை கிள்ளிப் போடுவா.”

“என் வீட்டில் இஞ்சி,” என்றார் ராஜா. செம்பு காலியானதே தெரியவில்லை.

“எந்த மாட்டு மோர் ஐயா இது?”

“அரண்மனை மாடுதான். மிஞ்சின பாலைச் சடையன் இந்தத் தெருக் கிழடுங்களுக்கு ஊத்துவாரு. ஒத்தையா குடிச்சா எனக்கு இறங்காது. இன்னிக்குத்தான் இறங்குச்சு.”

மறுநாள் சபையில் சடையனுக்குச் சால்வை, மந்திரிக்கு முத்துமாலை.

“தளவாயாரே, உம்மோடு ஆசையாய் உட்கார்ந்து ஒரு செம்பு மோர் குடிக்க ஒருவரைக் கூட்டி வாரும். அதுவரை பதவி கிடையாது.”

தளவாய் சபையைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் நிமிரவில்லை.

“அந்தக் கிழவரை இங்கேயே வரவழைத்துவிடட்டுமா?” என்று மந்திரியிடம் மெல்லக் கேட்டார் ராஜா.

“வரவழைக்கலாம், பிரபு. வந்தால் அவரும் நின்றுகொண்டுதான் பேசுவார்.”

அன்று பொழுது சாய்ந்ததும் ராஜா தனியாகப் போய் அந்தக் கதவைத் தட்டினார். உள்ளே சத்தமில்லை. திறக்காமலே போய்விடுமோ என்று, நாடாளும் மனுஷன் கதவில் காதை வைத்துக் கேட்டார்.