பந்தியில் எழாதவன்

பொன்னுரங்கத்துக்குக் கோபம் வந்தால் முன்பெல்லாம் சத்திரத்துக் கூரையில் நாலு ஓடு கழன்று விழும். இப்போது கோபப்படுவதற்கும் மூச்சு தேவைப்பட்டது. பீடிப் புகையும் அடுப்புப் புகையும் பங்குபோட்டுத் தின்ற நெஞ்சு.

"மூச்சுக்குழாயில வால்வு வெச்சாங்க. பலிக்கலை. இப்போ நெஞ்சைத் திறந்து... நுரையீரலை வெட்டணுமாம், தாயே. மூச்சுக்குத் தவிக்கிறவன்கிட்ட இருக்கிறதையும் பிடுங்குவாங்களா? படிச்ச கசாப்புக்காரங்க!"

தில்லைநாயகி அம்மை அவரைவிட இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு அம்மைதான்.

"கெட்டுப்போய் ஊதிக் கிடக்கும் பகுதியைத்தானே வெட்டுகிறார்கள்?"

"கெட்டாலும் என்னோடது!"

"பந்தியைப் பாரும்," என்றார் அம்மை.

பந்தி விசாரிப்பு பொன்னுரங்கத்தினுடையது. உட்கார்ந்தவனை எழுப்பக் கூடாதென்பது சத்திரத்து வழக்கம். அதை மீறியவர்களை அவர் கரண்டியால் அடித்திருக்கிறார்.

நடுப்பந்தியில் வீரபாகு இருந்தான். காலையில் உட்கார்ந்தவன், உச்சிவெயிலாகியும் எழவில்லை. தின்னத் தின்ன ஊதினான். தொப்பை பக்கத்து இலையைத் தாண்டி, அதற்கடுத்த இலையின் அப்பளத்தையும் நொறுக்கியது. இரண்டு பக்கமும் நசுங்கியவர்கள் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகக் கை மடக்க முடியாமல் தவித்தார்கள்.

"இவனுக்குப் பரிமாறாதீர்," என்றார் அம்மை.

பொன்னுரங்கம் வாளியை நகர்த்தினார். வீரபாகு அசரவில்லை. பக்கத்து இலையிலிருந்து அள்ளிக்கொண்டான். இன்னும் ஊதினான்.

"வால்வு ஏன் பலிக்கவில்லையாம்?" என்று கேட்டார் அம்மை.

"வாசலை அடைச்சாலும் காற்று பக்கத்துச் சந்து வழியா..." பொன்னுரங்கம் பாதியில் நிறுத்தினார்.

"தூக்கும் அவனை!"

"தாயே! வழக்கம்..."

"வழக்கமா?" அம்மையின் குரலில் அடுக்களைப் பாத்திரங்கள் அதிர்ந்தன. "இலையில் சோறு இருந்தும் அவன் பக்கத்தில் நசுங்கும் அந்தக் கிழவர் பட்டினி கிடக்கிறார். உம்முடைய வழக்கம் அவருக்கு ஊட்டிவிடுமா?"

அம்மையே போய் வீரபாகுவின் கக்கத்தில் கை கொடுத்தார். ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். இலை கிழிந்தது, ரசம் கொட்டியது, ஒருவனுக்கு மணிக்கட்டு பிசகியது. காட்டு யானையை இழுப்பதுபோல் இழுத்து வாசலுக்கு வெளியே விட்டார்கள்.

நசுங்கியிருந்தவர்கள் முழங்கையை விரித்தார்கள். கிழவர் முதல் கவளத்தை விழுங்கினார்.

பொன்னுரங்கத்துக்குக் கோபம் தணியவில்லை.

"கத்தி வைக்கிறப்பவே செத்துட்டா?"

"சாகலாம்."

"பிழைச்சா பழைய ஆளாயிடுவேனா?"

"மாட்டீர்."

"வேற நுரையீரலே வைக்கலாமாமே?"

"யார் வீட்டிலோ இழவு விழுந்தால்தான் அது கிடைக்கும். கிடைத்தாலும் உம் உடம்பு அதை ஏற்க வேண்டும். அதுவரை மூச்சு தாங்குமா?"

"அப்போ எதையுமே உறுதியாச் சொல்லமாட்டீங்க! நீங்களெல்லாம் ஒரு..."

அங்கே மூச்சு அறுந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு வாயை வாயைத் திறந்தார். வசவு தொண்டையிலேயே நின்றது.

அம்மை அது வெளியே வருவதற்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"என்னை ஒரு தடவையாவது ஒரே மூச்சில் திட்டி முடிக்க வேண்டாமா, நீர்?"