தண்ணீர் லாரியை நிறுத்தி வைத்த சடையாண்டி

புலியூரணியில் தெருக்களுக்குத் தண்ணீர் லாரி அனுப்பும் அலுவலகத்தில் சடையாண்டி, பெத்தணன், சீனியம்மாள் என்று மூவர் இருந்தார்கள். மூவருமே சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். சங்கடமே அதுதான்.

லாரிக்கு உத்தரவு போடக் கணினி வந்தது. சொல்லிக்கொடுக்க வந்த ஞானசிகாமணி சார், மேலத்தெருவுக்கு ஒரு லாரி அனுப்பிக் காட்டினார். தாம் தட்டிய எழுத்தெல்லாம் தட்டிய வேகத்திலேயே மறுபடி திரையில் ஓடும்படி பதிந்தும் வைத்தார். "நான் இல்லாதப்போ இதை ஓடவிட்டுப் பாருங்க" என்று சொல்லிப் போனார்.

மறுவாரம் மேலத்தெரு இருளப்பன் மகளுக்குக் கல்யாணம். தண்ணீர் வேண்டும் என்று சொல்லியிருந்தார். முந்தின நாள் மூவரும் பதிவை ஓடவிட்டார்கள். கறுப்புத் திரையில் எழுத்துகள் தாமாக ஓடின. சார் ஓரிடத்தில் தப்பாகத் தட்டி அழித்திருந்தார். "பெரியவங்களுக்கும் கை தவறும்" என்றாள் சீனியம்மாள். நடுவில் திரை அசையாமல் நின்றது. சார் பதிந்தபோது இந்த இடத்தில் டீ குடிக்கப் போயிருந்தார் என்பது நினைவு வந்து, இவர்களும் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். கடைசியில் 'லாரி மேலத்தெரு வந்தது' என்று விழுந்தது. கும்பிட்டுவிட்டு எழுந்தார்கள்.

கல்யாணத்தன்று காலை இருளப்பன் வந்தார். அடுப்பு மூட்டியாயிற்று, அண்டா காலி என்றார். அவருக்குத் திரையைக் காட்டினார்கள்.

"எழுத்து வந்திருக்கு, சரி. தண்ணி எங்கப்பா?"

பெத்தணன் யோசித்தான். "நடுவுல டீக்கு நிக்குதுல்ல மாமா, டிரைவரும் அங்க நின்னிருப்பாரு. வேகமா ஓட்டுவோம்."

இரட்டை வேகத்தில் ஓடவிட்டார்கள். இருளப்பன் தெருவுக்கு ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். லாரி இல்லை.

"இந்த வேகத்துல விட்டா எப்படி நிக்கும்? தெருவைத் தாண்டிப் போயிருக்கும்" என்றாள் சீனியம்மாள்.

மூன்றாம் முறை, 'வந்தது' என்ற எழுத்து விழுந்ததுமே சடையாண்டி ஓட்டத்தை நிறுத்தினார். வேறு யாரும் கை வைத்துவிடாதபடி காவலுக்கும் உட்கார்ந்துகொண்டார்.

கல்யாணத்துக்கு வந்திருந்த ஞானசிகாமணி சார் காலி அண்டாக்களைப் பார்த்துப் பதறி, டிரைவர் தவசிக்குப் போன் போட்டார். லாரி வந்தது. சோறு வெந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். ஆனால் தவசி திரும்பக் கிளம்பினால் வண்டி உறுமவே இல்லை.

சீனியம்மாள் அலுவலகத்துக்கு ஓடினாள். "அண்ணே, ஓடவிடுங்க. வண்டி கிளம்பணும்."

"அண்டா எல்லாம் நிறைஞ்சுதா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே சடையாண்டி விசையை அழுத்தினார். மேலத்தெருவில் வண்டி உறுமியது. சடையாண்டி ஓடவிட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது என்று சீனியம்மாள் வந்து சொல்ல, தவசி அதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சார் மூவரையும் உட்காரவைத்தார். இந்தப் பதிவு முன்பு நடந்ததைக் காட்டுவது மட்டும்தான், இதற்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை என்றார். புரியவைக்கப் பதிவை ஓடவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

"இப்ப நிறுத்திட்டேன். எங்கயாவது, எதாவது நின்னுச்சா?"

மூவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வியர்க்க விறுவிறுக்கத் தவசி வந்து நின்றார்.

"யாரு சார் நிறுத்தினது? வண்டி பாலத்து மேல நிக்குது."