இடுப்பு மட்டும் ஒளிராத ஆடிப்பெருக்கு வீரன்

தூத்துக்குடியில சகாயராஜ்னு ஒருத்தர் இருந்தார். துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவர். வேலையில நாப்பது டன் பெட்டியைத் தூக்கி வைப்பார், வீட்டுக்கு வந்தா நாலு அங்குல பொம்மையைத் தூக்கி வைப்பார். ரெண்டையும் ஒரே கவனத்தோடதான் செய்வார்.

பொம்மைன்னா பண்டிகை வீரர்கள். மொத்தம் பன்னெண்டு பேரு. பொங்கல் வீரன் கையில கரும்பு வாள், தீபாவளி வீரன் முதுகுல ராக்கெட்டு. வெளிச்சத்துல வச்சிருந்து விளக்கை அணைச்சா பச்சையா ஒளிருவாங்க. எவ்வளவு வெளிச்சம் குடிச்சாங்களோ அவ்வளவுதான் கொடுப்பாங்க, அதுக்கு மேல ஒரு பொட்டு கிடையாது.

இதுல கிடைக்காத ஆளு ஆடிப்பெருக்கு வீரன். தோள்ல குடத்தோட நிப்பான். கம்பெனிக்காரன் விவரம் தெரியாம அவனை ஆடி மாசத்துலயே இறக்கிட்டான். தள்ளுபடி போட்டுப் பழசத் தள்ளுற மாசத்துல எந்தக் கடைக்காரன் புதுச்சரக்கு எடுப்பான்? அதோட நிறுத்திட்டாங்க. சகாயராஜ் கிட்ட மட்டும் அவன் ரெண்டு பேரா இருந்தான். ஆனா ரம்ஜான் வீரன் இல்ல. அவர் அலமாரியில அந்த இடம் விழுந்த பல்லு மாதிரி காலியா கிடந்தது.

வருசா வருசம் சேகரிக்கிறவங்க எல்லாம் ஒரு மண்டபத்துல கூடி மாத்திக்கிடுவாங்க. இந்தத் தடவை சகாயராஜ், மிச்சமிருந்த ஆடிப்பெருக்கு வீரனை மேசையில வச்சு ஒரு அட்டையும் எழுதி வச்சார்: ‘எந்த வீரனைக் கொடுத்தாலும் சரி.’ காலையில இட்லி நல்லா இருந்தா மனுசனுக்கு இப்படித் தாராளம் வந்துடும்.

அங்க ரெண்டு சட்டம். ஒண்ணு, பொம்மை யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் அதை மாத்தி வாங்குற உரிமை, கீழ வச்சா போச்சு. ரெண்டு, மணிக்கொரு தடவை ஜன்னலை மூடி விளக்கை அணைச்சு எல்லாரும் ஒளியைப் பாப்பாங்க. அப்ப மட்டும், இருட்டுல தவறி உடையாம இருக்க, கையில உள்ளதை மேசையில வைக்கணும். அதனால உரிமை போகாது.

மத்தியானம் சகாயராஜ் சாப்பிடப் போனார், இருபது நிமிசம். மத்தவங்களும் பந்திக்குப் போயிட்டாங்க. அவர் மேசைகிட்ட மூணு பேரு மட்டும் நகரல. பசியை விட, நகந்தா அடுத்தவங்க எடுத்துடுவாங்கங்கிற பயம் பெருசு.

அவர் கை கழுவிட்டு உள்ள வரவும் விளக்கு அணையவும் சரியா இருந்தது. ஆடிப்பெருக்கு வீரனுக்குத் தலை ஒளிருது, தோள்ல குடம் ஒளிருது, பாதம் ஒளிருது. நெஞ்சுல இருந்து முட்டு வரைக்கும் சுத்திலும் இருட்டு.

“ஆடியில புது மாப்பிள்ளையத்தான் பிரிச்சு வைப்பாங்க. இவனைத் தலை தனி கால் தனியால்லா பிரிச்சிருக்காங்க,” யாரோ சொல்ல, மண்டபமே சிரிச்சது.

விளக்கு வந்துச்சு. பொம்மை மேல மூணு கை.

“சார், கைய எடுங்க. நான்லா வச்சிருந்தேன்,” இது புஷ்பராணி. பாளையங்கோட்டையில ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவ. பதினோரு வீரன் சேத்தாச்சு. பன்னெண்டாவது இடத்துல ஒன்பது வருசமா ஒரு மிளகுத்தூள் டப்பாவை நிறுத்தியிருக்கா. வர்றவங்க எல்லாம் ‘இது என்ன பண்டிகை’ன்னு கேக்குறாங்களாம்.

“நான் பத்து மணிக்கே எடுத்தாச்சும்மா,” பேங்க் அதிகாரி சிதம்பரநாதன்.

“பத்துக்கு எடுத்தீரு, பத்தே காலுக்குக் காப்பி குடிக்கக் கீழ வச்சீரு. சாப்பாட்டு நேரம் பூரா இருந்தது என் கையில,” பழமண்டி கனி பாய்.

“உம்ம கையில இருந்தது கைபேசி. இருபது நிமிசமும் நான்தான் வச்சிருந்தேன்,” சிதம்பரநாதன்.

மூணு பேரும் நல்லவங்கதான். தெருவுல கிடந்த மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கிற ரகம். ஆனா சேகரிக்கிற பைத்தியம் பிடிச்சவங்களைச் சாட்சிக் கூண்டுல ஏத்தக் கூடாது.

சிதம்பரநாதன் சகாயராஜ் காதுகிட்ட வந்தார். “அண்ணாச்சி, என்கிட்ட ரம்ஜான் வீரன் ரெண்டு இருக்கான். ஒண்ணு இந்தா, பையிலயே இருக்கு.”

சகாயராஜ் கண்ணு அந்தப் பையை விட்டு நகரல. புஷ்பராணி கொண்டு வந்திருந்தது தொப்பி உடைஞ்ச ஒரு கிறிஸ்துமஸ் வீரன். கனி பாய் பொங்கல் வீரன். ரெண்டுமே இவர்கிட்ட இருக்கு.

கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். அப்புறம் தன் மேசையில இருந்த வேற மூணு பொம்மையைக் காட்டி, “ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் கையில வச்சிருங்க,” அப்படின்னார்.

சிதம்பரநாதன் வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு, காலடியில உள்ள பீடத்தை மட்டும் ரெண்டு விரலால பிடிச்சார். கனி பாய் மாம்பழத்தை எடை பாக்குற மாதிரி விரிச்ச உள்ளங்கையில மல்லாக்கக் கிடத்தினார். புஷ்பராணி ஓடுற பஸ்ஸுல கம்பியைப் பிடிக்கிற மாதிரி நடுவுல இறுக்கிப் பிடிச்சா. முன்னால ஒரு பொம்மையைக் கீழ போட்டு அதோட கையை உடைச்சவ அவ.

சகாயராஜ் சிரிச்சுட்டார்.

அந்த இருபது நிமிசம் ஆடிப்பெருக்கு வீரன் யார் கையில இருந்தான்? சகாயராஜ் அவனை யாருக்குக் கொடுத்திருந்தா சரி?

விடை: புஷ்பராணிக்கு. கை மூடின இடத்துல வெளிச்சம் படல, படாத இடம் ஒளிரல. சிதம்பரநாதன் பிடிச்சிருந்தா பீடம்தான் இருண்டிருக்கும், உடம்பு முழுசா ஒளிரும். கனி பாய் வச்சிருந்தா முதுகு மட்டும் இருட்டு. நடுவுல சுத்திலும் இருட்டுன்னா அது இறுக்கின முஷ்டி. மத்த ரெண்டு பேரும் தலையைச் சொறிஞ்சுக்கிட்டாங்க, சகாயராஜ் தொப்பியில்லாத கிறிஸ்துமஸ் வீரனை வாங்கிக்கிட்டார். ரம்ஜான் வீரன் சிதம்பரநாதன் பையிலயே பேங்குக்குத் திரும்பிட்டான். அடுத்த வாரம் பாளையங்கோட்டையில இருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ள மிளகுத்தூள் டப்பா, கூட ஒரு சீட்டு: ‘அண்ணாச்சி, எனக்கு இனிமே வேண்டாம். காலி இடத்துல வைங்க.’ வச்சார். விளக்கை அணைச்சா அது மட்டும் ஒளிராது. ஆனா ரசத்துக்கு ஆகுது.